நாசிலுக்குள் முறுக்குத் தகடு: சூப்பர்சானிக் ஜெட் சுழன்றால் கலக்குமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் ஜெகதேவி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

“அண்ணா, எங்கள் குவாரியில் ஜெட் பர்னர் பிடிக்கிற பெரியவர் நாசிலுக்குள் ஒரு முறுக்கின தகட்டைச் சொருகி வைத்திருக்கிறார். காற்று சுற்றிக்கொண்டு வந்தால் நன்றாகக் கலக்கும், கல் சீக்கிரம் பொரியும் என்கிறார். சூப்பர்சானிக் ஜெட் கலக்கவே கலக்காது என்று எங்கள் காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள். பெரியவர் சும்மா கதை விடுகிறாரா?”

2025 ஜூன் 3, இரவு 9.40

கதை விடவில்லை. காலேஜும் பொய் சொல்லவில்லை. (புதிதாக வருபவர்களுக்கு: ஜெட் பர்னர் என்பது டீசல் தீயை நாசில் என்கிற குறுகின வாய் வழியாகச் சீறவிட்டுக் கல்லைப் பொரித்து அறுக்கிற கருவி. சூப்பர்சானிக் என்றால் ஒலியைவிட வேகம்.)

மெதுவான ஜெட்டின் ஓரத்தில் பெரிய சுருள்கள் உருண்டு வெளிக்காற்றை வாரி உள்ளே இழுக்கும். வேகம் கூடக்கூட அந்தச் சுருள்கள் சோம்பிப்போகும். ஒரு பக்கம் நடப்பது அடுத்த பக்கத்துக்குத் தெரிய அழுத்தச் செய்தி போகவேண்டும், அது ஒலி வேகத்தில்தான் போகும். ஓட்டம் அதைவிட வேகம் என்றால் செய்தி வருவதற்குள் ஆள் ஊர் தாண்டிவிடுகிறான். பாப்பமோஸ்கு, ரோஷ்கோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988-இல் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் போட்டார்கள். கரையில் நின்று வேகத்தைப் பார்க்காதே, சுருளோடு கூடவே பயணம் செய்கிறவன் கண்ணுக்கு ஓட்டம் எத்தனை மாக், அதாவது ஒலி வேகத்தைப் போல எத்தனை மடங்கு, என்று பார். அந்த எண் 1-ஐத் தாண்டும்போது கலப்புப் படலம் தடிக்கிற வேகம், மெதுவான ஓட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது.

ஜூன் 3, இரவு 10.15

ஐந்தில் ஒரு பங்கு. பூஜ்யம் இல்லை. “கலக்கவே கலக்காது” என்று எந்த வாத்தியார் சொன்னாரோ, அவர் மதிய வெயிலில் வகுப்பெடுத்திருப்பார்.

ஜூன் 4, காலை 6.30

கிருஷ்ணகிரியில் பர்கூர் ரோட்டில் கம்ப்ரசர் சர்வீஸ் ஷெட் வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டு இரண்டு செய்தி வந்தது. 2004-இல் நான் எம்.இ. முடித்தேன். ஆய்வே சுழலும் சூப்பர்சானிக் ஜெட்தான். 10 மி.மீ. நாசில், பின்னால் சாய்ந்த இலைகள், முன்னால் பிட்டோ குழாய் (ஓட்டத்துக்கு எதிரே நீட்டி அழுத்தம் அளக்கிற குழாய்). “சுழற்சியால் கலப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது” என்று அட்டை போட்டுக் கொடுத்தேன். நல்ல மார்க். அப்புறம் அப்பாவுக்கு முடியாமல் போக ஊருக்கு வந்தவன், வந்தவன்தான்.

சுழற்சி எப்படிக் கலக்க வைக்கிறது என்று பார்ப்போம். ஒகேனக்கல்லில் பரிசல்காரர் துடுப்பை ஒரு போடு போட்டுப் பரிசலை கிர்ரென்று சுற்றுவார். உள்ளே இருக்கிற ஆறு பேரும் சேர்ந்து சுற்றுவார்களே தவிர யாரும் இடம் மாறுவதில்லை. ஜெட்டின் நடுப்பகுதி அப்படித்தான், மொத்தமாக ஒரே கட்டையாகச் சுற்றும். அங்கே கலப்பு அதிகமாகாது, குறையக்கூடச் செய்யும். விளிம்பில்தான் விஷயம். சுற்றுகிற காற்று உள்ளே, சும்மா நிற்கிற காற்று வெளியே. உள்ளே இருப்பது வெளியே பாயப் பார்க்கும், வெளியே இருப்பதற்கு அதை அடக்கி வைக்கிற பலம் கிடையாது. சுழற்சியின் அளவு வெளிப்பக்கம் போகப்போகக் குறைந்தால் அந்த ஓட்டம் நிலைகுலையும் என்று ஆங்கில இயற்பியலாளர் ரேலே பிரபு 1916-லேயே எழுதிவிட்டார். நீளவாக்கில் சுருள்கள் கிளம்பும். நீளவாக்குச் சுருளுக்கு மாக் எண் அவ்வளவு பெரிய எதிரி இல்லை என்பதுதான் இதில் உள்ள ஆசையே. போயிங் 787 எஞ்சின் உறையின் பின்விளிம்பில் ரம்பப்பல் மாதிரி வெட்டியிருப்பார்களே, அதுவும் நீளவாக்குச் சுருள் கிளப்பத்தான். அங்கே நோக்கம் சத்தத்தைக் குறைப்பது.

ஜூன் 4, மதியம்

“பரிசலில் உட்கார்ந்தால் வயிற்றுக்குள் எல்லாம் கலந்துவிடுகிறதே” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 6, இரவு 8.20

பேச்சை நிறுத்திவிட்டு ஷெட்டில் போட்டுப் பார்த்தேன். 220 லிட்டர் டேங்க், ஏழு கிலோ பிரஷர், 3 மி.மீ. நாசில். பின்னால் 10 மி.மீ. குழாய். பழைய எண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி, 30 மி.மீ.க்கு ஒரு சுற்று என்று முறுக்கிச் சொருகினேன்.

அளக்க என்ன செய்வது? எதிர்வீட்டில் வேலை நடக்கிறது. மேஸ்திரியிடம் லெவல் டியூப்பைக் கடன் வாங்கினேன். கொத்து வேலைக்கு மட்டம் பார்ப்பார்களே, அதே தண்ணீர் டியூப். ஒரு முனையில் ஊசி போடுகிற சிரிஞ்சின் ஊசியை, நுனியை மழுக்கிச் செருகி, நாசிலிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஜெட்டுக்கு நேர் எதிரே கட்டினேன். மறுமுனை திறந்தே இருக்கிறது. நீல மை நாலு சொட்டு. அவ்வளவு தூரத்தில் ஜெட் ஒலி வேகத்துக்கு வெகு கீழே வந்துவிடும் என்பதால் ஊசிக்கு முன்னால் ஷாக் (சூப்பர்சானிக் காற்று சட்டென்று அமுங்குகிற சுவர்) நிற்கிற தலைவலி கிடையாது. நீர்மட்டங்களின் வித்தியாசம் எவ்வளவு குறைகிறதோ, ஜெட் அவ்வளவுக்கு வெளிக்காற்றை இழுத்துத் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

தகடு இல்லாமல் 17 செ.மீ. தகடு போட்டு 17 செ.மீ. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். 17.

ஜூன் 7, காலை

ராத்திரி போட்ட கணக்கு. அகலக் குழாயில் காற்று மெதுவாகத்தான் போகிறது, நொடிக்கு 18 மீட்டர் அளவு. தகடு அதற்கு 19 மீட்டர் சுற்று வேகம் கொடுக்கும். குழாய் 10-இலிருந்து 3-ஆகச் சுருங்கும்போது, கயிற்றைச் சுருக்கினால் கல் வேகமாகச் சுற்றுகிற மாதிரி, அது 60 மீட்டருக்கு மேல் போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தொண்டையில், அதாவது நாசிலின் குறுகின இடத்தில், முன்னோக்கிப் போகிற வேகமோ 300 மீட்டருக்கு மேல். ஐந்துக்கு ஒன்று. பம்பரத்தைத் தடவிவிட்ட மாதிரி.

வேறு வழி போகவேண்டும். 16 மி.மீ. உருளையின் பக்கவாட்டில், நடுவைக் குறி பார்க்காமல் சுவரை ஒட்டிச் சாய்த்து இரண்டு 4 மி.மீ. துளை. காற்று சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே நுழையும். ஓசூரில் சி.என்.சி. மெஷின் பேனலைக் குளிரவைக்க வோர்டெக்ஸ் டியூப் மாட்டியிருப்பார்கள், ஒரு வாய் சுடும், இன்னொரு வாய் ஜில்லிடும். உள்ளே இதே ஏற்பாடுதான். 1930-களில் ராங்க் கண்டுபிடித்தார், 1947-இல் ஹில்ஷ் எழுதிய பிறகுதான் ஊர் நம்பியது. கடைசல் பட்டறைக்குக் கொடுத்தாகிவிட்டது.

ஜூன் 8, மாலை 7.05

11 செ.மீ.!

17 இருந்த இடத்தில் 11. அக்கா பையன் சாட்சி. ஜெட்டுக்குள் கைக்குட்டை நூலைக் காட்டினால் நூல் முறுக்கிக்கொள்கிறது. இன்னொன்று: சாதா நாசிலைத் திறந்ததும் ஷெட்டு வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது, சுழல் நாசிலுக்கு அசையவில்லை. சூப்பர்சானிக் ஜெட்டில் உள்ள ஷாக் அறைகளுக்கும் நாசில் விளிம்புக்கும் நடுவே ஒலி போய்ப்போய்த் திரும்பி ஒரே சுருதியில் வீறிடும். பவல் என்ற ஆய்வாளர் 1953-இல் விளக்கியது. 3 மி.மீ. நாசிலுக்கு அந்தச் சுருதி 40 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். நமக்குக் கேட்காது, நாய்க்குக் கேட்கும். சுழற்சி அந்த வீறிடலை அடக்குகிறது. பெரியவருக்கு ஜே!

ஜூன் 8, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. ஒரு சந்தேகம்.

காலையில் சாதா நாசிலை ஓட்டும்போது டேங்க் முள் சரசரவென்று இறங்கியது. மாலையில் சுழல் நாசிலை ஓட்டும்போது பையன் போனில் பேசிவிட்டு வரும் வரை முள் இறங்கிக்கொண்டே இருந்தது.

சுழன்று வரும் காற்று மையத்தை விட்டு வெளியே தள்ளப் பார்க்கும். நடுவில் அழுத்தம் குறையும், காற்று மெலியும். தொண்டையில் ஒலி வேகத்தைத் தொட வேண்டிய வேகத்தில் ஒரு பங்கைச் சுற்றுவதற்கே செலவழித்துவிடுகிறது. ஆக அதே பிரஷரில் அதே ஓட்டை வழியாகக் குறைவான காற்றுதான் வெளியேறும். குறைவான காற்று வந்தால் 30 செ.மீ. தள்ளி ஊசியில் குறைவாகத்தான் அடிக்கும். அதில் கலப்பு எங்கே வந்தது?

ஜூன் 9, காலை 7.30

கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, டேங்க் ஏழு கிலோவிலிருந்து ஆறுக்கு வர எத்தனை நொடி என்று பார்த்தோம். சாதா நாசில் 19 நொடி. சுழல் நாசில் 23 நொடி. மூன்று தடவை. பையன் கட்டைவிரல் என்னுடையதைவிட வேகம் என்பதால் அவன் கணக்கே சபைக்கு.

ஜூன் 9, காலை 11.00

கேள்வி கேட்டவரே திரும்ப எழுதியிருக்கிறார்: “நான்கு மில்லி ஓட்டையில் நுழைவதே தடைதானே அண்ணா? சுழற்சியால் குறைந்ததா, ஓட்டையால் குறைந்ததா?”

சரியான அடி. பட்டறைக்கு மறுபடி ஓட்டம். அதே உருளை, அதே 4 மி.மீ. துளைகள், இந்தத் தடவை நேராக மையத்தைப் பார்த்து.

ஜூன் 10, இரவு 9.00

நேர்த்துளை உருளை: 19 நொடி. சில தடவை 19-க்கும் 20-க்கும் நடுவே. ஊசியில் 17, முடி அளவு கீழே. ஆகத் தடை துளையால் வரவில்லை, சுழற்சியால்தான்.

அடுத்து நியாயமான போட்டி. சுழல் நாசில் 6.5 கிலோவில் எவ்வளவு காற்று தள்ளுகிறதோ, அதே அளவு காற்று சாதா நாசில் வழியாக வர பிரஷரை எவ்வளவு இறக்கவேண்டும்? வளிமண்டலத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 5.2 கிலோ. முள் 5.2-ஐக் கடக்கும்போது டியூப்பைப் படித்தோம். 14 செ.மீ.

17-இலிருந்து 11 என்று முந்தாநாள் குதித்தேனே, அந்த ஆறில் மூன்று வெறும் காற்றுக் குறைவு. மிச்சம் மூன்றுதான் சுழற்சியின் சம்பாத்தியம். அதிலும் ஒரு பகுதி, முன்னோக்கித் தள்ளுகிற விசையில் கொஞ்சத்தைச் சுழற்சி தின்றதால் வந்திருக்கும். அதைப் பிரிக்க நாசிலைத் தராசில் தொங்கவிட வேண்டும். என்னிடம் இருப்பது பழக்கடைத் தராசு.

ஜூன் 10, இரவு 10.40

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். பரணிலிருந்து ஆய்வேட்டை இறக்கிப் பார்த்தேன். நான்காம் அத்தியாயம், ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் “ஒரே அறை அழுத்தத்தில்”, அதாவது நாசிலுக்குப் பின்னால் ஒரே பிரஷரில், என்று நானே தட்டச்சு செய்திருக்கிறேன். காற்றின் அளவை எங்கேயும் அளக்கவில்லை. அதை அளக்கிற ஆரிஃபிஸ் மீட்டர் லேபில் இருந்தது, அதன் டியூப்பில் கசிவு என்று கழற்றி ஓரமாக வைத்தவனும் நானே. போதாக்குறைக்குப் பிட்டோ குழாயை நேராக வைத்தே எடுத்திருக்கிறேன். சுழலும் ஓட்டம் அதைச் சாய்வாக அடித்திருக்கும், அதனாலும் எண் குறைந்திருக்கும். தேர்வாளர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருபத்தோரு வருஷம் முன்பே தெரிந்திருக்கும். “இரட்டிப்பு” என்று இத்தனை காலம் டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஜூன் 12, மதியம்

மாதாந்திர மின்தடை. ஷெட் சும்மா இருக்கிறது.

வாபஸ் வாங்கியதை வைத்து “அப்படியானால் சுழற்சி வேஸ்ட்” என்று இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். இல்லை. நாட்டன், கட்டஃபெஸ்டா, செட்டில்ஸ் மூவரும் 1997-இல் இதை முறையாகச் செய்தவர்கள். நாசில் வாயில் ஜெட்டின் அழுத்தமும் வெளி அழுத்தமும் சமமாக இருக்கும்படி வைத்து, சுழலாத ஜெட்டோடு பொருத்திப் பார்த்தார்கள். வெளிக்காற்றை உள்ளிழுப்பது 60 சதவீதம் வரை கூடியது. “வரை” என்பதைக் கவனிக்கவும். என் ஷெட் ஜெட் வாயைத் தாண்டியும் உப்பி, ஷாக் வைரங்களோடு (அந்த ஷாக் அறைகள் வரிசையாக வைரம் மாதிரி தெரியும்) போகிற ரகம். நடுவே ஒரு தட்டு ஷாக்கும் நிற்கும். ஆகவே என் மூன்று சென்டிமீட்டரை அவர்களது 60-ஓடு ஒப்பிடக் கூடாது. நானும் ஒப்பிடவில்லை, கை அரித்தது, அவ்வளவுதான்.

இவ்வளவு சண்டை எதற்கு என்றால் ஸ்க்ராம்ஜெட். எஞ்சினுக்குள்ளும் காற்று சூப்பர்சானிக்கிலேயே ஓடும். ஒரு மீட்டர் நீள அறையைக் கடக்க ஒரு மில்லிநொடி அளவுதான் ஆகிறது. அதற்குள் எரிபொருள் கலந்து, பற்றி, எரிந்து முடிக்க வேண்டும். இஸ்ரோ 2016 ஆகஸ்ட் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டில் கட்டி அனுப்பியது சுமார் 5 நொடி எரிந்தது. ஹைதராபாத் டி.ஆர்.டி.எல். (ராணுவ ஏவுகணை ஆய்வுக்கூடம்) 2025 ஜனவரியில் தரையில் 120 நொடி ஓட்டியது, ஏப்ரலில் 1,000 நொடியைத் தாண்டியது. அங்கே காற்று முழுவதையும் சுழற்ற மாட்டார்கள், அழுத்த இழப்பு கட்டுப்படியாகாது. உள்ளே விடுகிற எரிபொருளைச் சுழற்றலாமா, தடுப்பு வைத்து நீளவாக்குச் சுருள் கிளப்பலாமா என்பதுதான் பேச்சு. எவ்வளவு கலந்தது என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்வி. அதற்கு எவ்வளவு உந்துவிசையைக் கொடுத்தோம் என்பது மறுபாதி.

ஜூன் 14, இரவு 9.15

ஜெகதேவி போய்வந்தேன். கேள்வி கேட்ட தம்பியே பைக்கில் கூட்டிப்போனார்.

பர்னர் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் நீளமான குழாய். பின்னால் டீசல் ஓஸ், காற்று ஓஸ். முன்னால் எரிகிற அறை, அதன் வாயில் நாசில். பெரியவர் தலைத்துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பிடித்தார். பாரடைசோ என்கிற கிரானைட் கல். நெருப்பு பட்ட இடத்தில் பொரிகடலை வறுக்கிற மாதிரி சில்லு தெறிக்கிறது. கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் அமைப்பு மாறிச் சட்டென்று விரியும், சுற்றியிருப்பது விட்டுக்கொடுக்காது, மேல்தோல் பிய்ந்துகொள்ளும். குவார்ட்ஸ் அவ்வளவாக இல்லாத கருப்புக் கல்லில் இந்த வித்தை எடுபடாது.

இப்போது முக்கியமான விஷயம். தகடு நாசிலுக்குள் இல்லவே இல்லை! பெரியவர் ஸ்பேனர் போட்டுக் கழற்றிக் காட்டினார். அது அறைக்கு முன்னால், காற்று நுழைகிற இடத்தில் இருக்கிறது. கார்பன் ஏறி, விளிம்பு நீலம் பாய்ந்து, ஒரு சாண் கூட இல்லை.

“நாசில்ல வச்சா தீ பூத்துடும் தம்பி. பூத்த தீ கல்லுக்கு ஆகாது” என்றார்.

பத்து நாளாக நான் சுற்றி வந்த இடம் அதுதான். அறைக்குள் காற்று ஒலி வேகத்துக்குக் கீழேதான் ஓடுகிறது, அங்கே டீசலும் காற்றும் கலக்கவேண்டும், அங்கே சுழற்சி தேவை. சுழற்சி பலமாக இருந்தால் நடுவில் காற்று பின்னோக்கித் திரும்பித் தீயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விமான எஞ்சினிலும் இதே உபாயம்தான். நாசிலைத் தாண்டி வெளியே வந்த பிறகு குளிர்ந்த வெளிக்காற்றோடு கலந்தால் சூடும் போச்சு, வேகமும் போச்சு. ஜெட் கலக்காமல் இருப்பதுதான் அங்கே லாபம். நாங்கள் ஆய்வில் எதைக் குறை என்று வைத்தோமோ, அதை வைத்துத்தான் அவர் கல் அறுக்கிறார்.

தகடு போட்டும் போடாமலும் தீயில் வைரங்களை எண்ணினேன். இல்லாமல் ஆறு, போட்டால் ஐந்து. அந்தி வெளிச்சம், என் கண், அவ்வளவுதான் மதிப்பு. கொஞ்சம் சுழற்சி அறையைத் தாண்டி வாய் வரைக்கும் மிஞ்சுகிறது போல. டீசல் மிச்சமாகிறது என்று பெரியவர் சொல்வதை நான் அளக்கவில்லை.

ஜூன் 14, இரவு 9.50

விட்டுப்போனது. குவாரியின் பெரிய கம்ப்ரசரில் என் பழைய 10 மி.மீ. நாசிலை மாட்டி ஒரு நிமிஷம் ஓட்டினோம். பிரஷரை இறக்கிக்கொண்டே வரும்போது இரண்டரை கிலோ பக்கம் பையனும் தம்பியும் ஒரே நேரத்தில் காதைப் பொத்தினார்கள். 13 கிலோஹெர்ட்ஸ் வீறிடல் அங்கே வரவேண்டும். எனக்கு வெறும் “உஸ்”. எம்.இ. படிக்கும்போது இதே நாசில் என் பல்லைக் கூச வைத்தது. இத்தனை வருஷம் கம்ப்ரசர் பக்கத்தில் காதடைப்பான் இல்லாமல் நின்றதற்குக் கூலி. தம்பி, பெரியவருக்கு நல்லதாக ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். தூசிக்கு முகமூடியும்.

ஜூன் 15, காலை

நாய் விஷயத்தில் திருத்தம். இன்று சுழல் நாசிலைத் திறந்தபோதும் ஓடியது. அன்றைக்கு அது அசையாததற்குக் காரணம், பையன் அதற்குப் பொறை போட்டிருந்தான். என்னிடம் இப்போதுதான் சொல்கிறான். வீறிடல் அடங்குவது உண்மைதான், பிறர் அளந்திருக்கிறார்கள். என் சாட்சியை மட்டும் அடித்துவிடவும்.

ஜூன் 15, மதியம்

மேஸ்திரி லெவல் டியூப்பைக் கேட்டு வந்துவிட்டார், நாளை லிண்டல் மட்டம் பார்க்கவேண்டுமாம். நீல மை போகவில்லை. “கண்ணுக்கு நல்லா தெரியுது, இருக்கட்டும்” என்று சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார். தராசு வேலையை வேறு டியூப் வாங்கிய பிறகுதான் தொடவேண்டும்.